ஒல்லிப் பையனுக்கு ரெண்டு பாட்டில்

இன்று சாயங்காலம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். அக்காவின் எட்டு மாதப் பையனுக்குச் சளி. போன முறை டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக் சிரப்பை இந்த முறை அவளே கேட்டாள்.

நான் காலையில்தான் இணையத்தில் படித்திருந்தேன். கைக்குழந்தையின் குடலில் குடியேறும் பாக்டீரியாக்களுக்கும் பிற்காலத்தில் உடம்பு பெருப்பதற்கும் தொடர்பு இருக்கலாமாம். இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"தேவையில்லாம குடுக்காதக்கா. வயித்துல இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் அது கொன்னுடும். பின்னாடி குண்டாயிடலாம்னு சொல்றாங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது.

"குண்டாவானா? அண்ணா, ரெண்டு பாட்டிலா குடுங்க!"

கடைக்காரரும் நானும் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை.

"நீ சிரிப்படி. ஞாயித்துக்கிழமை நான் பம்மல்ல புகுந்த வீட்டுக்குப் போகணும். 'என் பேரனுக்குச் சோறே போடறதில்லையா'ன்னு எங்க மாமியார் கேட்பாங்க. உன் பாக்டீரியாவா வந்து பதில் சொல்லும்?"

டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மாடியிலிருந்த டாக்டரிடம் போனோம். அவர் பையனை எடை பார்த்தார்.

"வயசுக்கேத்த வெயிட்தாம்மா. வெறும் சளி. மூக்குக்குச் சொட்டு மருந்து போதும்."

அக்கா செல்போனை நீட்டினாள். "டாக்டர், இதை எங்க மாமியார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் அவசரமாக அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பாக்டீரியா விஷயத்தை விஞ்ஞானிகள் நிதானமாக ஆராயட்டும். ஒல்லிப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான் என்று மாமியாரை ஒத்துக்கொள்ள வைத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள்.