தூக்குச்சட்டி மூடியில் ஒரு பெயர்

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மல்லிகா அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினாள். சமையல் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். விரலெல்லாம் மஞ்சள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்த் திறந்தால்... மகன் போன் பண்ணினானாம்.

மகன் ராணுவத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வண்டி பழுது பார்க்கும் டெக்னிக்கல் பயிற்சி. வாரத்துக்கு ஒரு தடவை, முகாமிலிருந்து காசு போட்டுப் பேசும் போன்.

"ஆண்ட்டி, மனுசனா அவனுங்க? வெயில்ல ஓட வுடுறாங்களாம். பரீட்சையில ரெண்டு வாட்டி பெயிலானா மூட்டைய கட்டுன்னு சொல்லிட்டாங்களாம். நீ வந்துடு ஐயான்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா?"

"பின்ன? பெத்த வயிறு லா ஆண்ட்டி!"

"எந்தப் பாடம் வரலைன்னு கேட்டியா?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகாவுக்குக் கோபம். அவளுக்கு எப்படித் தெரியும், இதே கேள்வியை இதே மாதிரி கேட்டு ஒரு மாதத்தை வீணாக்கியவள் நான் என்று?

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலம் அது. எனக்குப் பதினெட்டு வயது. கல்யாணமாகி ஐந்தே மாதம். லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பரை வாங்க ஆளில்லை. பால் மரமெல்லாம் சும்மா நிற்க, நாங்கள் மரவள்ளி நட்டு, மரவள்ளி பிடுங்கி, மரவள்ளியே தின்றுகொண்டிருந்தோம்.

பத்திரிகையில் இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். அவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டதைப் பற்றியெல்லாம் எழுதி மானத்தை வாங்கியிருக்கிறேன். அவருக்கு அப்போது இருபத்திரண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி அடிப்பவர். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அத்தோடு சரி.

அந்த வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸில் பெயர் எழுதுவார்கள். லாரி வரும். ஏறினவர்கள் ஏறினவர்கள்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டுக்காரர் பெயரும் அடுத்த லாரிக்கு எழுதப்படும் என்று பேச்சு வந்தது.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. இந்தியாவை மீட்கப் போகிறோம் என்று நம் ஆட்களே திரட்டிய படை. அதில் சேர்ந்தவர்களைச் சயாமுக்குக் கேட்கமாட்டார்கள். இவர் ரஹாங்கில் இருந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தேச பக்தியா, உயிர்ப் பயமா? இரண்டும்தான். அதில் என்ன வெட்கம்?

முகாமில் ஓர் அதிகாரி வரிசையாக ஒவ்வொருவரிடமும் என்ன தொழில் தெரியும் என்று கேட்டிருக்கிறார். இவர் உறுமி என்றிருக்கிறார். அதிகாரி மேஜையைத் தட்டிக் காட்டி, "இதே மாதிரி தட்டு" என்றாராம். இவர் தட்டினார். அதிகாரி இன்னும் நீளமாகத் தட்டினாராம். அதையும் தட்டினார். அவ்வளவுதான் — கம்பியில்லாத் தந்திப் பிரிவு! நாலு மைல் ஓட்டம், துப்பாக்கிப் பயிற்சி, அதற்கு மேல் தினமும் ஆறு மணி நேரம் தந்தி வகுப்பு.

தந்தி என்றால் வேறொன்றுமில்லை. ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு தட்டு. குட்டைத் தட்டு, நீட்டுத் தட்டு, இரண்டும் கலந்தது. கேட்டதும் எழுத வேண்டும். பார்த்ததும் தட்ட வேண்டும்.

தட்டு இவருக்குப் பிரச்சினையே இல்லை. ஒரே தடவை கேட்டால் போதும். பிரச்சினை என்னவென்றால்... இவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது!

ஆறு வாரப் பயிற்சி. கடைசியில் பரீட்சை. தவறினால் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். தோட்டத்தில் கிராணியின் பேனா காத்துக்கொண்டிருந்தது.

இது எதுவும் எனக்கு முதலில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தார் வந்து பார்க்கலாம், ஒரு மணி நேரம். ஏழெட்டு மைல் நடந்து போனேன். முதல் ஞாயிறு சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் போய்ச் சேர்ந்தால், கேட்டில் இருந்த கடிகாரம் ஜப்பான்காரனின் தோக்கியோ நேரம் காட்டியது. நம் நேரத்தைவிட ஒன்றரை மணி கூட. பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவித்த மரவள்ளியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி திரும்பி நடந்தேன்.

இரண்டாம் ஞாயிறு பார்த்தேன். கழுத்து எலும்பு தெரிந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றேன். "ம்" என்றார். மூன்றாம் ஞாயிறும் "சாப்பிட்டீங்களா?" "ம்." நாலாம் ஞாயிறு அவர் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. தப்பு செய்தால் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்ற வேண்டுமாம். வகுப்பு எடுத்த ஹவில்தார் வடக்கத்திக்காரர். சிரித்தே யாரும் பார்த்ததில்லை.

"என்னா தப்பு செஞ்சீங்க?"

"முடிக்கிறப்ப ஒரு தீர்மானம் வச்சிட்டேன் புள்ள."

எனக்குப் புரிந்துவிட்டது. உறுமிக்காரர் எவராவது அடியைச் சும்மா முடிப்பாரா? கடைசியில் ஓர் உருட்டு உருட்டித்தானே நிறுத்துவார். இவர் தந்தியையும் அப்படியே முடித்திருக்கிறார். அது வேறு நாலு எழுத்தாகப் போய் விழுந்திருக்கிறது!

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எழுத்து தெரியாத விஷயத்தைச் சொன்னார். முகம் தொங்கிப்போயிருந்தது. பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல அந்த மனிதருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

அடப்பாவி மனுஷா! எனக்குத் தெரியுமே!

என் அப்பா ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மருந்து பாட்டில்களைத் துடைத்து அடுக்குவது என் வேலை. அந்த லேபிள்களில்தான் நான் இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொண்டேன்.

அங்கேயே வேலியோரம் மணலில் குச்சியால் எழுத ஆரம்பித்தேன். முகாமுக்குள் காகிதம் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே சோதனை போடுவார்கள். மணலில் எழுதினாலும், போகும்போது காலால் அழித்துவிட்டுத்தான் போக வேண்டும். காவல்காரர் நின்று பார்ப்பார்.

நான் எழுத்தைச் சொல்வேன். அவர் அதன் தட்டைத் தூக்குச்சட்டி மூடியில் தட்டிக் காட்டுவார். கங்காணிக்கு 'கே' — நீட்டு, குட்டை, நீட்டு. வேலை மேய்க்கும் மண்டோருக்கு 'எம்' — இரண்டு நீட்டு. லாரிக்கு 'எல்'. தோட்டத்தையே எழுத்துக் கூட்டி முடித்தோம். வாரம் முழுக்க மரவள்ளிக் காட்டில் கொத்துகிற சங்குலை மண்ணில் தட்டித் தட்டி நானும் மனப்பாடம் பண்ணினேன். பக்கத்தில் கொத்தியவர்கள் எனக்குப் பேய் பிடித்ததாகச் சொன்னார்கள்.

ஐந்தாம் ஞாயிறு அவருக்கு எல்லா எழுத்தும் வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் பறந்தேன். எட்டு மைல் எட்டு எட்டாகத் தெரிந்தது.

அந்த வாரம் ஒத்திகைப் பரீட்சை. ஹவில்தார், "முதலில் உன் பெயரை அனுப்பு. பிறகு செய்தி" என்றிருக்கிறார்.

இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

கங்காணி தெரியும், மண்டோர் தெரியும், லாரி தெரியும். சொந்தப் பெயர்? அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எப்படிச் சொல்வேன்? புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லலாமா? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றே மாமியார் காதில் ஓதியிருந்தார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? ஆயுசைப் பிடுங்கிக்கொண்டு போக அந்தக் காலத்தில் எத்தனை லாரிகள் வந்தன!

குத்துமதிப்பாக எதையோ தட்டியிருக்கிறார். முகாம் பட்டியலில் இருந்த பெயரோடு அது ஒத்துப்போகவில்லை. "தன் பெயர் தெரியாதவனுக்கு என் வகுப்பில் என்ன வேலை? திங்கட்கிழமை பரீட்சை. அன்றும் இப்படித் தட்டினால் நீ வீட்டுக்குப் போகலாம்" என்றுவிட்டார் ஹவில்தார்.

ஆறாம் ஞாயிறு மாமியாரும் என்னோடு வந்தார். மகனைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்ததும், இவர் விஷயத்தைச் சொன்னார்.

"என் பேரை எப்படி எழுதுறது புள்ள? நாளைக்குப் பரீட்சை."

எனக்குத் தெரியாதா? அவருடைய தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. கல்யாணமான புதிதில் அந்தச் சீட்டை எத்தனை தடவை எடுத்து எடுத்து வாசித்திருப்பேன்! கண்ணால் வாசிக்க யாரும் தடை போடவில்லையே.

"சொல்லு புள்ள. சயாமுக்குப் போறத விட இது பெரிசா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. மாமியார் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதால் மட்டும் இல்லை. சொல்லி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சண்டைக்குப் போகிற ஆளின் ஆயுசில் நானே கை வைப்பதா?

குச்சியை எடுத்தேன். முதல் எழுத்தைப் போடப் போனேன். காவல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினால் போகும்போது அழிக்க வேண்டும். அவர் பெயரை எழுதி, என் காலாலேயே அழிப்பதா? குச்சியைக் கீழே போட்டேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை அந்த முகத்தில். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தூக்குச்சட்டி மூடியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல் கணுவால் தட்ட ஆரம்பித்தேன்.

நீட்டு. குட்டை. நீட்டு.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் எழுத்து. மூன்றாம் எழுத்து. நாலு குட்டைத் தட்டு ஒன்றாக வரும் இடத்தில் விரல் தடுமாறியது. திரும்ப முதலிலிருந்து தட்டினேன். மொத்தம் பத்து எழுத்து.

"என்னா இது, தகரத்த தட்டிக்கிட்டு? கோயில் திருவிழாவா நடக்குது இங்க?" என்று மாமியார் சத்தம் போட்டார்.

"ஒன்னுமில்ல அத்தே, பாடம்" என்றேன்.

மாமியாரை எதிரில் வைத்துக்கொண்டு அவர் மகன் பெயரைச் சொல்லிவிட்டேன்! அதுவும் ஒரு தடவையா? மணி அடிக்கும் வரை திரும்பத் திரும்பத் தட்டினேன். கடைசியில் இவர் மூடியை வாங்கி, ஒரு தப்பில்லாமல் தட்டிக் காட்டினார். உருட்டு இல்லாமல் முடித்தார். பிறகு சிரித்தார். ஆறு வாரத்தில் அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு வரை நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, ஞாபகமில்லை. தோட்டத்துக்குள் லாரிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். ஞாயிறு விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். உள்ளே விட இன்னும் நேரமிருந்தது; அவர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். தோளில் புதிதாக ஒரு துணிப்பட்டி.

"பாஸ் புள்ள! பேரத்தான் மொதல்ல கேட்டாரு. ரெண்டு வாட்டி தட்டச் சொன்னாரு."

"பயமா இருந்திச்சா?"

"இல்ல... நீ கூப்புடுற மாதிரியே இருந்திச்சு."

அந்த வேலிக்குக் கம்பி இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

பர்மா வரை போனார். சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக ஒரு நாள் மத்தியானம் வந்து லயத்து வாசலில் நின்றார். பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தோம், சண்டை போட்டோம், பிள்ளைகளை வளர்த்தோம். மாமியார் போன பிறகும் நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. பழகிவிட்டது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டுமென்றால் கையில் கிடைத்த சட்டியில் முதல் எழுத்தை மட்டும் தட்டுவேன். தோட்டத்தில் நின்றாலும் வந்துவிடுவார். பிள்ளைகள் எங்களைக் கிறுக்கு என்றார்கள். இருக்கட்டுமே!

மல்லிகா விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி மகன் பேசியபோது, "சாப்பிட்டியா" என்பதை விட்டுவிட்டு, எது வரவில்லை என்று கேட்டிருக்கிறாள். வண்டியின் ஒயரிங் படம் புரியவில்லையாம். மல்லிகாவின் புருஷன் இருபது வருஷமாக லாரி ஒயரிங் பார்க்கிறவர்! போனை வாங்கி அவர் பேச ஆரம்பித்தாராம். காசு தீர்ந்து லைன் அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தாராம்.

வீட்டுக்காரர் போய் மூன்று வருஷமாகிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அவர் பெயரைக் கேட்டார்கள். நான் நின்றேன். மகள்தான் சொன்னாள். "உங்கள் வீட்டுக்காரர் பெயரை ஏன் எழுதுவதே இல்லை?" என்று வாசகர்கள் பல பேர் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுதியதில்லை. ஆயுசு குறைந்துவிடும் என்ற பயம் இனி எதற்கு?

அவர் பெயர் கதிர்வேலு.