சிலிம் ரிவருக்கு வெள்ளை வேட்டியில்

பல நாள் ஆலோசனைக்குப் பின், சென்ற சித்திரையில், கறுப்புக் காற்சட்டையைக் கைவிட்டு வெள்ளை வேட்டி கட்டுவதென்று முடிவெடுத்தேன். நாடு இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு வயது முப்பத்து நான்கு. ஆட்டிசம் உண்டு. சிறுநீரை அடக்கும் ஆற்றல் பிறந்ததிலிருந்தே இல்லை, டயப்பர் அணிகிறேன். மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கம், என் பெற்றோர் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவன்று, வெளியேறிய குடும்பங்கள் திரும்பி வந்து, குடும்பத்துக்கு ஒருவராகப் பந்தி பரிமாறுவார்கள். வேட்டி கட்டியவர்தான் வாளி தூக்கலாம். எங்கள் வாளி எப்போதும் அண்ணனுக்கு. நான் ஈரம் தெரியாத கறுப்புக் காற்சட்டையோடு காரில் உட்கார்ந்திருப்பேன். இம்முறை வாளியை எனக்கு விடும்படி அண்ணனிடம் சொன்னேன். விட்டார், ஊருக்கும் வரவில்லை.

நான் இருக்கும் ஈப்போவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். பொதுக் கழிவறைகளில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கும்; ஈரத்தைவிட அதன் சத்தம்தான் எனக்குப் பகை. காதுக் கவசம் அவசியம். பிறகு வாடகைக் காரில் பன்னிரண்டு கிலோமீட்டர், கட்டணம் இருபது வெள்ளி (ரிங்கிட்).

“காதுல என்னா தம்பி, பாட்டா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணே. சத்தம் ஆகாது.”

“அப்ப நான் பேசலாமா?”

“கொஞ்சம் பேசலாம்.”

அந்தக் கொஞ்சத்தில் தன் மருமகனைப் பற்றிய புகார் முழுவதையும் முடித்துவிட்டார்.

சமையல் கொட்டகைக்கு என் அத்தை பொறுப்பு. வேட்டியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நீ உள்ள உக்காருய்யா. நடுப் பந்தியில ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆகும் அத்தே. அதுக்குத்தான் டயப்பர். நேரமாச்சுன்னு கைக்கடிகாரம் அதிர்ந்தா போய் மாத்திட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாரேன்.”

எனக்குக் குரலைத் தாழ்த்த வராது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

அத்தை யோசித்தார். “உங்கண்ணன் சிகரெட்டுக்கு நாலு தடவ ஓடுவான்லா. கையும் கழுவ மாட்டான். இந்தா, சாம்பார்.”

மூன்று பந்தி பரிமாறினேன். இரண்டாவதின் நடுவே கடிகாரம் அதிர்ந்தது. வாளியை இறக்கிவைத்துப் போய், மாற்றிக்கொண்டு வந்து, விட்ட இலையிலிருந்து தொடர்ந்தேன். ஓர் இலைக்கும் சாம்பார் தவறவில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

“அடுத்த வருசமும் நீதான்யா,” என்றார் அத்தை. அண்ணனுக்குத் தகவல் சொல்லியாயிற்று.

போகிறவர்கள் கவனத்துக்கு: கோயில் கழிவறையில் கொக்கியும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. கதவில் மாட்டும் கொக்கி, தடித்த பைகள், மாற்று வேட்டி கொண்டுபோங்கள். தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யாதீர்கள். பல ஆண்டுகள் செய்து பார்த்தேன், தலைவலிதான் கிடைத்தது.

மாற்று வேட்டி மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது. கட்டியிருந்ததை இரண்டு முறை துவைத்தேன். சாம்பார்க் கறை போகவில்லை.