போன பிறவி மாஸ்டர்

லிஃப்ட் மாஸ்டருக்கு அப்பாவும் அம்மாவும் யோசித்து ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டோடு நின்றுபோயிற்று. அவர் பராமரித்த பதினொரு கட்டடங்களிலும் அவருக்கு ‘போன பிறவி’ என்றுதான் பெயர். “லிஃப்ட் நின்னுபோச்சு, போன பிறவிக்கு ஒரு போன் போடுங்க” என்பார்கள். அது அவர் காதிலும் விழும். கோபப்பட மாட்டார். யாரோ பட்டம் கொடுத்து மாலை போட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

எல்லாம் இடுப்பு வலியில் ஆரம்பித்தது. முப்பது வருடம் மோட்டார் அறைகளில் குனிந்து குனிந்து இடுப்பு மக்கர் பண்ணியது. டாக்டர் யோகா பண்ணச் சொன்னார். மாஸ்டர் பார்த்துக்கொள்ளும் கட்டடம் ஒன்றிலேயே, ஆறாவது மாடியில், ஓர் அம்மா யோகா வகுப்பு நடத்தினார். புதன், ஞாயிறு காலைகளில் மாஸ்டர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியெல்லாம் முடிந்ததும் எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அப்போது ஆசிரியை மெல்லிய குரலில் கால் மணி நேரம் பேசுவார். முதலில், நாம் செய்யும் எந்தக் காரியமும் செய்ததோடு போய்விடுவதில்லை, மனதில் ஒரு பதிவை வைத்துவிட்டுப் போகிறது என்பார். அந்தப் பதிவுகள் ஒரு கிடங்கில் சேருகின்றன, காலம் வரும்போது சுகமாகவும் துக்கமாகவும் பழுக்கின்றன, சில இந்தப் பிறவியிலேயே, சில பிறகு. இதுவரைக்கும் மாஸ்டர் விழித்திருப்பார். இதற்கு அப்புறம்தான் ஆசிரியை முக்கியமான விஷயத்துக்கு வருவார். ஒரே காரியத்தைத் திரும்பச் செய்யச் செய்யப் பதிவு ஆழமாகிறது, அடுத்த தடவை கை தானாகவே அங்கே போகிறது, போகும்போதே பார்த்துப் பிடித்துவிடுங்கள், வந்துவிட்டதை அனுபவித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் இன்னும் வராத துன்பத்தை இப்போதே தடுக்கலாம் என்பார். இந்த இடத்தில் மூன்றாவது வரிசைப் பாயிலிருந்து பழைய மோட்டார் ஓடுவதுபோல ஒரு சத்தம் வரும். மாஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஆக, ஒரு வருடத்தில் அவர் படித்தது சரியாகப் பாதிப் பாடம். அந்தப் பாதியிலும் ‘இந்தப் பிறவியிலேயே’ என்ற சொல் அவருக்கு ஒட்டவில்லை. அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார். அதை வைத்தே தொழிலைச் சொகுசாக நடத்தினார்.

யோகா வகுப்பு நடந்த கட்டடத்தில் லிஃப்ட் கதவின் சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று மோட்டாருக்குத் தகவல் சொல்வது அந்தச் சின்னச் சாமான்தான். அது சொதப்பினால் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிடும். புதுசு மாற்ற வேண்டும். மாஸ்டர் மாற்றவில்லை. உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று இறங்கிவிடுவார். அந்த அடுத்த மாசம் எட்டு மாசமாக வந்துகொண்டே இருந்தது.

அப்படி ஒரு நாள் மூன்றாம் மாடித் தையல்கார அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாள். ஒன்றேகால் மணி நேரம். செருப்பைக் கழற்றிக் கதவில் அடித்து அடித்துத்தான் வெளியே வந்தாள்.

“சிவப்புப் பட்டனை விடாம அமுக்கினேன் அண்ணே. பெல் அடிச்சு ஒருத்தர்கூட வரலியே?” என்று அழாத குறையாகக் கேட்டாள்.

“பட்டனை அமுக்குறதுதாம்மா நம்ம கையில இருக்கு. அது அடுத்தவங்க காதுல விழணும்னு இருந்தாத்தான் விழும்” என்றார் மாஸ்டர். “போன பிறவியில நீங்க யாரையோ அறைக்குள்ள போட்டுப் பூட்டியிருப்பீங்க. அந்தப் பாக்கி இன்னையோட தீந்துச்சுன்னு நெனச்சுக்குங்க.”

எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிச் சொல்ல வரும்! ஏனென்றால் அந்தப் பெல் ஏன் அடிக்கவில்லை என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாஸ்டர். இன்னொருத்தி அவர் மனைவி.

சிவப்புப் பட்டனை அமுக்கினால் கீழே வாட்ச்மேன் அறையில் மணி அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அமுக்கிவிட்டு ஓடும். மணி அடித்தால் மெக்கானிக் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நாலு வாரம் அலைந்தார். ஐந்தாவது வாரம் மோட்டார் அறைக்கு ஏறி, மணிக்குப் போகும் வயரைப் பிடுங்கி, முனையில் டேப்பைப் பாங்காகச் சுற்றிவைத்தார். வேலை சுத்தம் என்றால் அவ்வளவு சுத்தம்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னார். “இனிமே அந்தப் பட்டனை அமுக்கினா சாமிக்கு மட்டும்தான் கேக்கும்!”

அவர் மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். நாள் முழுக்க அதே மாதிரிப் பிள்ளைகளின் கூத்தைப் பார்ப்பவள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் புரை ஏறி, ஏற்கெனவே இழுப்புத் தொந்தரவு உள்ளவள், மருந்தை வாயில் அடித்துக்கொண்ட பிறகுதான் நின்றது. அவள் அப்படிச் சிரித்தது மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த கட்டடத்தில் வயரைப் பிடுங்கக் கை தயங்கவே இல்லை. ஒரு வருடத்தில் ஏழு கட்டடங்கள் ஊமையாகின.

இந்தச் சமயத்தில்தான் யோகா வகுப்பில் மாதம் ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. மாஸ்டர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். தலைப்பு: வினையும் அதன் பலனும். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். இதில் ஒரு ஆசை இருந்தது, அதைக் கேலி பண்ண எனக்கே மனசு வரவில்லை. முப்பது வருடமாக அவரை எண்ணெய்க் கறையோடு மட்டுமே பார்த்த மனைவி, ஒரு நாளாவது வெள்ளைச் சட்டையில், நாலு பேர் வாய் பிளந்து கேட்க, பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

“நீ கட்டாயம் வரணும். முன் வரிசையில நாற்காலி போட்டு வைக்கிறேன்.”

“வரேங்க. ஆறு மாடியில்ல? படி ஏறினா இழுக்குமேன்னுதான்…”

“படி எதுக்கு ஏறுற? லிஃப்டுல வா. நம்ம லிஃப்டுதானே!”

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் முன்னாலேயே போய்விட்டார். அவர் படியில்தான் ஏறினார். உடற்பயிற்சியாம்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனைவி கீழே லிஃப்டில் ஏறினாள். கணவன் மேடை ஏறுகிற நாள் என்று நல்ல கைப்பையாக மாற்றி எடுத்து வந்திருந்தாள். இழுப்பு மருந்து பழைய பையில் இருந்தது. நாலாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மின்விசிறியும் நின்றது. போனை எடுத்தாள், அந்த இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஏது? சிவப்புப் பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அப்புறம் விரலை எடுத்துவிட்டுப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே மாஸ்டர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

“நமக்கு நடக்கிறது ஒண்ணும் சும்மா நடக்கல. எல்லாம் நாம சேத்து வச்ச கிடங்குலருந்து வருது. ஒருத்தருக்கு வியாதி வருதா? போன பிறவி. வேலை போகுதா? போன பிறவி.”

முன் வரிசை நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் மூண்டது. தயார் பண்ணாத ஒரு வரியைச் சேர்த்தார். “இப்படி நாலு நல்ல வார்த்தை கேக்கிறதுக்கும் கொடுப்பினை வேணும். சில பேருக்கு நாற்காலி போட்டு வச்சாலும் வந்து உக்கார வினை விடாது.”

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. டப், டப் என்று எங்கோ கீழே. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

“யாரோ ஆணி அடிக்கிறாங்க. வெளிச் சத்தம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். கண்ணை மூடுங்க. காதை உள்ளே இழுங்க.”

எல்லோரும் சமர்த்தாகக் கண்ணை மூடினார்கள். பேச்சுக் கேட்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா மூடவில்லை. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

“அண்ணே, இது ஆணி இல்ல. செருப்பு.”

“உக்காருங்கம்மா. தானா அடங்கிடும்.”

“அடங்கினாத்தான் அண்ணே பயம்” என்றாள் அவள். சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் அடங்கிவிட்டது. அவள் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். ஐந்தாம் மாடிக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அங்கிருந்தே கத்தினாள். “அண்ணே! உங்க வீட்டம்மா அண்ணே! இழுக்குது!”

மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மொட்டை மாடி மோட்டார் அறைக்கு எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. மின்சாரத்தை அணைத்தார். பிரேக்கை விடுவித்து, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தார். ஒரு முழுச் சுற்றுக்கு லிஃப்ட் விரற்கடை அளவுதான் ஏறும். சுற்றினார். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே அந்த வயர் தொங்கியது, முனையில் டேப் சுற்றி, நேற்றுக் கட்டியதுபோல அவ்வளவு பாங்காக. அதைப் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்ற வழியில்லை.

லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கு வந்ததும் தையல்கார அம்மா கதவைத் திறந்தாள். மனைவி தரையில் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் செருப்பு. உதடு வெளுத்திருந்தது. யோகா ஆசிரியை அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். யாரோ கீழே மருந்துக் கடைக்கு ஓடிப்போய் மருந்தை வாங்கி வந்தார்கள். கால் மணி நேரம் கழித்து முகத்தில் ரத்தம் திரும்பியது. அதற்குள் மாஸ்டர் இறங்கி வந்து எதிரே நின்றார். வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ்.

“இந்தக் கதவு சுவிட்ச் இருக்கே…” என்று ஆரம்பித்தார். “எல்லாம் நம்ம போன…”

“முடிக்காதீங்க அண்ணே” என்றாள் தையல்கார அம்மா.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

“பட்டனை அமுக்கினதுமே தெரிஞ்சுபோச்சுங்க” என்றாள், மூச்சு வாங்கி வாங்கி. “நீங்க வயரைப் பிடுங்கிட்டு வந்து சொன்னப்ப நானும்தானே சிரிச்சேன். புரை ஏறச் சிரிச்சேன். உள்ள உக்காந்து அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன். இந்தம்மா அன்னைக்கு உள்ள இருந்தப்பவும் நான் வாயைத் திறக்கல.”

தையல்கார அம்மா மாஸ்டரைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தனக்குப் போன பிறவியில் தேடிக் கொடுத்த பதில் யார் கையில் இருந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. மாஸ்டருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“மத்த கட்டடத்துல எத்தனை?” என்று மனைவி கேட்டாள்.

“எது?”

“பெல்லுங்க.”

விரல் விட்டு எண்ணினார். “ஆறு.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, ஏறி இறங்குவாங்க. முதல்ல இங்க மாட்டுங்க. அப்புறம் போய் உங்க கருவிப் பையை எடுத்துட்டு வாங்க, நானும் வரேன்.”

“நீ எதுக்கு? உடம்பு இருக்கிற இருப்புல…”

“நீங்க மேல வயரை மாட்டினா, கீழ உள்ள நின்னு அமுக்கிப் பாக்க ஆள் வேணுமில்ல?”

அவர் மேலே போய் வயரை மாட்டினார். அவள் ஐந்தாம் மாடியில் அதே லிஃப்டுக்குள் கதவைத் திறந்தபடியே வைத்து நின்று, பட்டனை அமுக்கி, கீழே மணி கேட்ட பிறகுதான் வெளியே வந்தாள். கதவு சுவிட்ச் மாறும் வரை லிஃப்ட் ஓடாது என்று பலகை எழுதி மாட்டச் சொன்னாள். அப்புறம் பையோடு ஆறு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் கதவைத் திறந்தபடி உள்ளே நின்றாள், கையில் மருந்து, விரல் சிவப்புப் பட்டனில். கடைசிக் கட்டடத்தில் மணி கணீரென்று அடித்தபோது மாலை நாலரை ஆகியிருந்தது.

வாசலுக்கு வந்து பையை மூடப் போனார். விளையாடிவிட்டு வந்த நாலு பிள்ளைகள் திபுதிபுவென்று லிஃப்டில் ஏறின. உடனே வாட்ச்மேன் அறையில் மணி அலறியது. நிற்கவில்லை, மறுபடியும் அலறியது.

“ஆரம்பிச்சாச்சு! போன பிறவி அண்ணே, இனிமே தினம் உங்களுக்கு இங்கதான் வேலை” என்று வாட்ச்மேன் சிரித்தார்.

மாஸ்டரின் கை தானாகப் பைக்குள் போய்க் கட்டிங் பிளேயரைப் பிடித்திருந்தது. கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.