ஆற்றின் நெருங்கிய நண்பர்

இந்தக் காலத்து வீடியோ கேம்களைப் பற்றி நிஷிவாகி என்ன நினைக்கிறார் என்பது நிப்பொன்பாஷி வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் அவரே போய்ச் சொல்லிவிடுவார். சனிக்கிழமை காலையில் தொமியே அக்காவின் காபிக் கடையில், தடித்த ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதே ஆரம்பித்துவிடும். எதிரே உராபே உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூட நாள் சிநேகிதர். இரண்டு தெரு தள்ளிப் பழைய கேம் கேசட் கடை வைத்திருப்பவர்.

"நம்ம காலத்துல என்னடா? கேசட்டை எடுத்தோம், ஒரு ஊது ஊதினோம், சொருகினோம், ஆடினோம். இப்போ பெட்டியைப் போட்டா, இரு, அப்டேட் ஆகுதுங்குது. நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன், டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்க?"

"சரியாச் சொன்ன," என்பார் உராபே.

"எங்க போகணும்னு அம்பு போட்டுக் காட்டுது. யாரை அடிக்கணும்னு வட்டம் போட்டுக் காட்டுது. எல்லாத்தையும் அதுவே செஞ்சுட்டா நான் எதுக்குடா நடுவுல?"

காபி ஊற்ற வந்த தொமியே அக்கா, "ஏன் அண்ணே, நீங்க விக்கிற டாய்லெட் சீட்டும் அப்படித்தானே? உக்காந்தா போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்னு என்கிட்டயே சொன்னீங்களே," என்றார்.

கடையில் எல்லாரையும்விட முதலில் சிரித்தது நிஷிவாகிதான். குளியலறைச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் அவர் விற்பனையாளர். பொத்தான் அதிகம் உள்ள சீட்டைப் பாட்டிமார்களுக்கு விளக்கிச் சொல்லித் தலையில் கட்டுவதில் கெட்டிக்காரர். ஐம்பத்து நாலு வயதுக்குள் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்: ஊர் சிரிக்கும் முன் நாமே சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது.

சின்ன வயதில் தான் பெரிய வீரன் என்றும் சொல்லிக்கொள்வார். உண்மை கொஞ்சம் வேறு. ஒரு கோடைவிடுமுறை முழுக்க ஆடி, அரக்கன் கோட்டை வாசல்வரை போயிருந்த சமயம், தரையைக் கூட்ட வந்த அம்மாவின் வாக்குவம் கிளீனர் கேம் பெட்டியில் இடித்தது. திரை கறுத்து, அதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிட்டது. அன்று அவர் சோறு தின்னாமல் அழுததை உராபே நேரில் பார்த்திருக்கிறார். அதனால் வீரக்கதை வரும்போதெல்லாம் நிஷிவாகி உராபேயின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அந்த வருஷக் கடைசியில், கம்பெனி விருந்தில், பிங்கோ ஆட்டத்தில் அவருக்கு முதல் பரிசு விழுந்தது. மேலாளர் மேடைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தது ஒரு புத்தம் புதிய கேம் பெட்டி. எல்லாரும் கைதட்டினார்கள். நிஷிவாகி, செத்த எலியை வாங்குகிற மாதிரி அதை வாங்கிக்கொண்டார்.

"யாருக்காவது குடுத்துடலாம்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

அவர் மனைவி சனாயே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா இதைத் திட்டுறீங்க. ஒரு தடவையாவது ஆடிப் பாத்துட்டுத் திட்டுங்களேன். கேக்கிறவங்களுக்கும் ஒரு மரியாதை."

நியாயமான பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைப் பிரித்தார். சோறு வேகும் குக்கரைவிடப் பெரிதாக இருந்தது. நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா என்று தெரியாமல், கடைசியில் சுவரில் சாய்த்து வைத்தார். அது பெயர் கேட்டது. வங்கியில் கேட்டால் எழுதுவதுபோல் முழுப் பெயரையும் கொடுத்தார். சம்மதமா, சம்மதமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எதற்கென்று படிக்க முடியாத பொடி எழுத்து, எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். யாரோ 'வறுத்த கத்தரிக்காய்' என்பவர் உங்கள் நண்பராக விரும்புகிறார், சம்மதமா என்றது. அதற்கும் சம்மதம். பிறகு அப்டேட். அவர் குளித்து, மீன் வறுத்துச் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வைத்த பிறகுதான் கேம் தொடங்கியது.

தொடக்கத்திலேயே ஒரு மரப்பாலம். பாலத்தின் நடுவில் ஒரு கல்பூதம். நிஷிவாகி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பாய்ந்தார். பூதம் ஒரு தட்டுத் தட்டியது, ஆற்றில் விழுந்தார். மறுபடி போனார், மறுபடி விழுந்தார். பூதம் தட்டாதபோதும், பொத்தான் மாற்றி அமுக்கித் தானாகவே குதித்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த சனாயே, "பூதத்தோட சண்டை போடுறீங்களா, நீச்சல் பழகுறீங்களா?" என்றாள்.

"பேசாம இரு. இதுக்கு ஒரு தாளம் இருக்கு. பிடிபட்டுடுச்சுன்னா தீர்ந்தது."

தாளம் பிடிபடவில்லை. சிறிது நேரத்தில் திரையில் மிகப் பணிவான வாசகம் ஒன்று வந்தது: 'மன்னிக்கவும். எளிய முறைக்கு மாற்றித் தரட்டுமா?'

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாடிக்கையாளரிடம் தான் பேசும் அதே தொனி. வேண்டாம் என்று அமுக்கினார். துணியை உள்ளே வைக்கச் சனாயே எழுந்து போன அந்தச் சமயம் பார்த்து, வேண்டும் என்று அமுக்கினார்.

பூதம் சொன்ன பேச்சைக் கேட்டு விழுந்தது. பாலத்தைத் தாண்டினால் ஒரு மலை. ஏறினார். உச்சியில் அடிக்க யாருமில்லை, எடுக்க ஒன்றுமில்லை. மழை மட்டும் தூரத்திலிருந்து புல்மேல் நடந்து வந்தது. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இது கேமா, சினிமாவா என்று காபிக் கடையில் கேலி செய்தவர், கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, மழை விடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி மங்கியதும் துடைத்துக்கொண்டார். வயசானா கண்ணில் தண்ணீர் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் வந்து, வழக்கத்தைவிடக் காரமாகத் திட்டினார். பாதியில் உராபே ரொட்டியைக் கீழே வைத்தார்.

"டேய், ஆத்துக்கு நெருங்கிய நண்பராமே நீ? வாழ்த்துக்கள்."

"என்னது?"

"அந்தப் பாலத்துலேருந்து ஓயாம விழுந்தா ஒரு பதக்கம் குடுப்பாங்க. 'ஆற்றின் நெருங்கிய நண்பர்'னு. உனக்குக் கிடைச்சிருக்கு. கூட்டாளிங்க எல்லாருக்கும் சேதி போகும். எளிய முறைக்கு மாறினதும் போட்டிருக்கு."

நிஷிவாகியின் காது சிவந்தது. தொமியே அக்கா வேறு காபிக் குடுவையோடு அங்கேயே நின்றுவிட்டார். கம்பெனி, பிங்கோ, சனாயே என்று ஏதோ உளறத் தொடங்கிய நிஷிவாகி, நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

"கூட்டாளிங்களுக்குத்தானே சேதி போகும்? உனக்கு எப்படிடா வந்துச்சு?"

உராபே ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே போகிற சைக்கிள்களை எண்ணுகிறவர் மாதிரிப் பார்த்தார்.

"வறுத்த கத்தரிக்காய் நீயாடா?"

"புதுசாச் சேந்தவங்க பட்டியல்ல உன் பேரைப் பாத்ததும் கை சும்மா இருக்கலைடா," என்றார் உராபே. "ரெண்டு வருஷமா ஆடுறேன். கடையில திரைச்சீலைக்குப் பின்னால. பழைய கேசட்தான் உசத்தின்னு பலகை எழுதி மாட்டியிருக்கேன், யாருக்காவது தெரிஞ்சா என் பொழைப்பு என்ன ஆகும்?"

"இத்தனை சனிக்கிழமையும் சரியாச் சொன்ன, சரியாச் சொன்னன்னு தலையாட்டினியே!"

"நீ அவ்வளவு ஆசையாத் திட்டும்போது குறுக்க பேச மனசு வரலைடா."

தொமியே அக்கா குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிஷிவாகியால் அவரை முந்த முடியவில்லை, இரண்டாவதாகத்தான் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு காலைகளில் இருவரும் அவரவர் வீட்டிலிருந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சேர்ந்தே ஆடுகிறார்கள். உராபே முன்னால் போவார். நிஷிவாகி எதிலாவது மாட்டிக்கொள்வார். "வலது பக்கம்டா, உன் வலது!" என்ற கத்தல் பக்கத்து வீடுவரை கேட்கும். திட்டுவதையும் விடவில்லை. ஆனால் இப்போது ஆடிவிட்டுத் திட்டுவதால், அதில் விஷயம் இருக்கிறது என்று தொமியே அக்காவே ஒப்புக்கொள்கிறார்.

போன ஞாயிறு, வாசல்மணி அடித்ததால் நிஷிவாகி கன்ட்ரோலரைச் சனாயேயிடம் கொடுத்துவிட்டுப் பார்சல் வாங்கப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய வாளைக் காணோம். வீரன் தலையில் அகலமான வைக்கோல் தொப்பி ஒன்று இருந்தது.

"வாள் எங்க?"

"வித்துட்டேன். வெயில்ல நிக்கிறாரு, பாவம்."

நிஷிவாகி திரையை உற்றுப் பார்த்தார். தொப்பி நன்றாகத்தான் இருந்தது. ஹெட்போனுக்குள் உராபே மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.