காளைகள் அசையவில்லை

நட்சத்திரங்களைப் படமெடுக்கத் தொலைநோக்கி வேண்டுமென்று மகள் என்னை மூன்று கடை ஏறி இறங்க வைத்தாள். மூன்றாவது கடையில் பெரிய குழாயையும் அதைத் தாங்க ஒரு மெலிந்த ஸ்டாண்டையும் எடுத்து வைத்தாள். கடைக்காரர் கணினித் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் நட்சத்திரங்கள் கோடு கோடாக இழுபட்டிருந்தன.

“குழாய் சின்னதுன்னாலும் பரவால்லீங்க. வானம் நகருதில்லீங்க? கூடவே நகர்ற ஸ்டாண்டு, மவுண்ட்டும்பாங்க, அதுதான் வேணுமுங்க. இல்லாட்டி இப்படித்தான் இழுத்துப்போடும்.”

இந்த இழுப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஆறு வயது. அந்தியூர் சந்தையில் அப்பா ஒரு ஜோடி காளை வாங்கினார். சந்தையில் கடை போட்டிருந்த போட்டோக்காரர் அப்பா, அம்மா, என்னை மூவரையும் காளைகளோடு தன் கூடாரத்தில் நிறுத்தினார். உள்ளே வெளிச்சம் குறைவு; சாணமும் புதுக் கயிறும் மணத்தன.

“மாடு அசையாமப் பாத்துக்கோங்க,” என்றார். இரண்டு ஆட்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வெளியே குதிரை கனைத்தது; அம்மா திரும்பினாள்.

படத்தில் காளைகளின் கழுத்து மணிகள் பதினான்கையும் எண்ணலாம். அம்மாவின் முகம் வெறும் இழுப்பு.

“அடுத்த சந்தைக்கு எடுத்துக்கலாம், விடு,” என்றார் அப்பா. அதற்குள் அம்மா இறந்துவிட்டாள். வேறு படம் இல்லை. அவள் முகம் இப்போது என் நினைவிலும் இல்லை.

“குழாய் சின்னதே போதும் அம்மணி. நல்ல மவுண்டா வாங்கு,” என்றேன் மகளிடம்.

“ஏனுங்கப்பா, நேத்து வரைக்கும் எல்லாமே வெட்டிச் செலவுன்னீங்க?”

திரையிலிருந்த கோடுகளை எண்ணினேன். ஒன்பதுக்கு மேல் கண்ணீர் மறைத்துவிட்டது.