பல்லேபொலயின் சில்வண்டுகள்

நாங்கள் மூன்று பேர். நான் மிருதங்கம். பலாபத்வலயிலிருந்து வரும் சிங்களச் சங்கீத டீச்சர் செலோ. மூன்றாமவர் மாத்தளை டவுனில் ஏலம், கிராம்பு வியாபாரம் செய்யும் முஸ்லிம் அண்ணன்; எங்களுக்கு அவர் நானா. அவருடைய வாத்தியம் லேப்டாப். அவர் கடையின் மேல்மாடியில், மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துப் பார்ப்போம். கோயிலில் என்னோடு வாசிப்பவர்கள் இதைக் "கரண்ட் கச்சேரி" என்று கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். என் தட்டு மைக்குக்குள் போய், ஸ்பீக்கரில் நீண்ட ரீங்காரமாகத் திரும்பி வருகிற சுகம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

பல்லேபொலயில் நானாவின் தங்கச்சி வீட்டுத் தோட்டத்துக்கு மூவரும் ஓர் அந்தியில் போய்ப் பதிவு செய்த சில்வண்டுச் சத்தம்தான் எங்கள் இசையின் நடுப்பகுதி. செலோ ஓய்ந்ததும் சில்வண்டுகள் மட்டும் கத்தும். அவை சட்டென்று அடங்குகிற இடத்தில் என் இடது கை விழ வேண்டும். பதிவு செய்த அன்று அந்தச் சத்தம் என் காதைத் துளைத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போனபோதும் தோட்டத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டீங்களே!" என்று அந்தத் தங்கச்சியிடமே கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் இசையிலும் சில்வண்டுகள் குறைந்தன. நானாதான் குறைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இப்பதான் நானா சரியா இருக்கு. அந்த அமைதிதான் இதுக்கு உயிரே" என்று பாராட்டினேன்.

"உங்களுக்குப் புடிச்சா சரி மாஸ்டர்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு ஞாயிறு நானா கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சரே லேப்டாப்பை ஓடவிட்டு வாசித்தார். செலோ நின்றது. அமைதி. நான் வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்துக் கையைப் போட்டேன். டீச்சர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் முடியவில்லையே என்று சிங்களத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். எது முடியவில்லை என்று கேட்டேன். அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் ஒலியின் கோடு நடுங்கி நடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

டீச்சர் அழுதுவிட்டார். அவர் வாயிலிருந்துதான் எல்லாம் வந்தது. நான் கையை உயர்த்துவதைப் பார்த்து நானா சத்தத்தை நிறுத்திவந்திருக்கிறார். பல மாதமாக. தாளம் பிசகாதவன் என்ற திமிரோடு நான் உட்கார்ந்திருக்க, அவர்கள் என் பின்னால் ஓடியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது.

மறுநாள் கடைக்கே போய் நானாவோடு சண்டை பிடித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தராசுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார்.

"எப்படி மாஸ்டர் சொல்றது? சொன்னா நீங்க வாசிக்கிறதையே விட்டுருவீங்கன்னு பயந்துட்டேன்."

"அதுக்காக என்னை ஏமாத்துவீங்களா?"

அவர் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

மேல்ஸ்தாயிச் சத்தம் கேட்கிற சக்தி போய்விட்டது, இனி வராது என்றார் காது டாக்டர். பேச்சும் மிருதங்கமும் இன்னும் கொஞ்ச காலத்துக்குக் கேட்கும். காதில் மாட்டுகிற கருவியைப் போட்டுப் பார்த்தேன். என் மிருதங்கமே தகர டப்பா போல ஒலித்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

வாசிப்பதை விடவும் முடியவில்லை. கடைசியில் நானாதான் ஒரு வழி சொன்னார். சில்வண்டு அடங்கும்போது லேப்டாப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு பல்ப் எரியும். அதைப் பார்த்து நான் தொடங்கினால் போதும். கண்டியில் மேடையேறியபோது அப்படித்தான் வாசித்தோம். இம்மி பிசகவில்லை. சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேனில் திரும்பி வரும்போது நானா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"அந்த இடம் எப்படி இருந்திச்சு நானா?" என்று கேட்டேன்.

"ஐயோ மாஸ்டர், நீங்க கைய வைக்கக்குள்ள அது அப்படியே அறுந்திச்சு. இந்தா, இப்படி..."

அவர் உதட்டைக் குவித்துச் சில்வண்டு போலச் சத்தமிட்டுக் காட்டினார். குவிந்த உதடு தெரிந்தது. சட்டென்று மூடியதும் தெரிந்தது.

"கேட்டீங்களா?" என்றார்.

"ஆமா நானா" என்றேன்.