மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாய்

சாமிப் படத்தைத் துடைக்கையில் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்று விழுந்தது. அவிழ்த்தால் ஒரு ரூபாயும் நாலணாவும். மஞ்சள் வாசம் இன்னும் போகவில்லை.

ஆறு வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, அம்மா அந்தக் காசை என் தலையைச் சுற்றித் துணியில் முடிந்துவைத்தாள். "கொழந்த எழுந்துட்டா மேல்மலையனூர் வந்து உண்டியல்ல போட்டுடறேன் தாயே."

எழுந்துவிட்டேன். அமாவாசைதோறும் அம்மா முடிச்சை எடுப்பாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுவரை போய்ப் பார்த்துவந்து நைனா சொல்வார்: "பஸ்ல கால் வைக்க எடமில்ல. அடுத்த மாசம் போலாம்." முடிச்சு மறுபடி படத்துக்குப் பின்னால் போகும்.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாலணாவும் செல்லாக்காசாகிவிட்டது.

"பத்து ரூபா காயினா மாத்திக் கட்டும்மா. நாளைக்கு அமாவாசதான், போய்ப் போட்டுடலாம்" என்றாள் மகள்.

முட்டி வலித்தது. நாலணாவோடு சேர்த்தே முடிச்சை இறுக்கினேன்.

"கூட்டமா இருக்கும்டி. அடுத்த மாசம் போலாம்."